கடற்குதிரைக்கு எட்டு

செப்டம்பர் 28, சனி

எட்டு.

பார்சலைப் பிரித்த கையோடு இதை எழுதுகிறேன். என் அட்டைக்குப் பத்துக்கு ஒன்பது வரும் என்று, அட்டை சேர்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் நான் பெருமையாக எழுதியே போட்டிருந்தேன். மதிப்பெண் போடுகிற கம்பெனிக்காரர்கள் எட்டு என்று அச்சடித்து, தடித்த பிளாஸ்டிக் கூட்டுக்குள் அட்டையை வைத்து, ஓரத்தை ஒட்டி அனுப்பிவிட்டார்கள்.

இந்த டைரி நானே ரிஜெக்ட் செய்தது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் தரம் பார்ப்பது என் வேலை. காலண்டர், டைரி, மருந்துப் பெட்டி, பட்டாசு லேபிள் எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போகும். இந்த டைரியின் மேலட்டையில் தங்க எழுத்து ஒரு நூல் சாய்ந்திருக்கிறது. வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. ஒன்பது மாதமாகப் பீரோவில் சும்மா கிடந்ததை இன்று எடுத்தேன், வீட்டில் பேச ஆளில்லை.

என் மனைவி செல்வக்கனியும் மகள் தாரிகாவும் காலையில் ராஜபாளையம் போய்விட்டார்கள். மாமியாருக்கு முட்டிவலி. காலாண்டுப் பரீட்சை லீவும் விட்டாயிற்று. பஸ் ஏற்றிவிட வருகிறேன் என்றேன். "வேண்டாம், நீங்க பார்சலுக்குக் காத்திருங்க" என்றாள் செல்வக்கனி. சொல்லாமலே என்னைப் புரிந்துகொள்கிறவள்.

எட்டு அநியாயம்.

செப்டம்பர் 29, ஞாயிறு

இந்த அட்டை வீட்டுக்கு வந்த கதையையும் எழுதிவைக்கிறேன். ஐந்து வருஷத்துக்கு முன் சிங்கப்பூரிலிருந்து வந்த என் சித்தி மகன் தாரிகாவுக்கு ஒரு விளையாட்டு அட்டைப் பாக்கெட் கொடுத்தான். ஆறு வயசுப் பிள்ளை, முறுக்குத் தின்ற கையோடு பிரித்தாள். உள்ளே இருந்த பத்தில் ஒன்று நீலக் கடற்குதிரை. வெள்ளி ஃபாயில் மேல் நாலு வண்ணம், துளி விலகாமல் உட்கார்ந்திருந்தது. அப்படி ஒரு வேலையை நான் அதுவரை பார்த்ததில்லை. எண்ணெய் விரல் படுவதற்குள் பிடுங்கிவிட்டு அவளுக்கு ஒரு சாக்லேட் கொடுத்தேன். அன்று பிடித்த கிறுக்கு இது. இன்று முப்பது அட்டைக்கு மேல் சேர்ந்துவிட்டது. கடற்குதிரைதான் ராஜா.

வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் நாலு விஷயம் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள். படம் நடுவில் இருக்கிறதா, மூலைகள் கூராக இருக்கின்றனவா, ஓரம் வெளுக்காமல் இருக்கிறதா, மேலே கீறல் உண்டா. இதைத்தானே பத்தொன்பது வருஷமாக நானும் நாள் முழுக்கப் பார்க்கிறேன்? இன்று ஸ்கேல் வைத்து அளந்தேன். இடது ஓரம் வலதைவிடக் கொஞ்சம் அகலம். அதற்காக ஒன்று குறைத்திருந்தால் அது வெறும் வயிற்றெரிச்சல்.

மறுபடி அனுப்பலாம். அதற்குக் கூட்டை உடைக்க வேண்டும். உடைத்ததும் எட்டு போய்விடும், அது வெறும் அட்டைதான். வேறொருவர் புதிதாகப் பார்ப்பார். ஒன்பதும் வரலாம், எட்டே வரலாம், ஏழும் வரலாம். பழையதையாவது கொடுங்கள் என்று கெஞ்ச முடியாது.

நானே காபி போட்டேன். ஐந்து கொடுக்கலாம்.

அக்டோபர் 1, செவ்வாய்

குரூப்பில் கேட்டதற்குப் பாதிப்பேர் உடை என்கிறார்கள், பாதிப்பேர் கிடைத்ததை வைத்துக்கொள் என்கிறார்கள். ஒருவர் மட்டும் 'வீட்டில் கேட்டீர்களா' என்று எழுதியிருந்தார். கல்யாணமாகாதவராக இருக்கும்.

தங்கை ஜெயராணி சாயங்காலம் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு கொண்டுவந்தாள். வந்ததும் வராததுமாக, "ஏண்ணே, மதினிகிட்ட பேசினியா?" என்றாள்.

"பேசாம என்ன? பெருங்காயம் எங்க இருக்குன்னு நேத்துக்கூடக் கேட்டேன்."

"அதக் கேக்கல. எங்க வீட்டுப் பால்காய்ச்சு அன்னைக்கு நீ சொன்னியே, அதப் பத்திப் பேசினியா?"

"அது தமாஷு."

"தமாஷுன்னு மதினி சொன்னாங்களா?"

பேச்சை மாற்றக் கடற்குதிரையைக் காட்டினேன். கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எட்டுன்னா நல்ல மார்க்தானே, பெறகென்ன?" என்றாள். இது ஒன்பது என்பதை மூலை மூலையாக விளக்கினேன். அவள் காதில் வாங்கினாளா தெரியாது. தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டே, "ஒத்த மார்க்கு கொறஞ்சதுக்கு உனக்கு இந்தப் பாடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எதையோ எதோடோ சேர்த்துப் பேசுகிறாள். அச்சுத் தொழில் தெரியாதவர்களுக்கு விளக்குவது கஷ்டம்.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி, அச்சகம் லீவு. மாவு புளித்துவிட்டது.

அக்டோபர் 3, வியாழன்

ஜெயராணி சொன்னது மண்டைக்குள் குடைகிறது. நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன், பின்னால் யாரும் கூட்டிக் குறைத்துச் சொல்லக்கூடாது.

ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் அவள் புதுவீட்டுப் பால்காய்ச்சு. மத்தியானச் சாப்பாடு முடிந்து ஆம்பிளைகள் எல்லாம் ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். ஜெயராணி புருஷன் பால்பாண்டிக்கு என்னைச் சீண்டாவிட்டால் தூக்கம் வராது. "மச்சான் எதப் பாத்தாலும் மார்க் போடுவாரு. எங்க வீட்டுக்கு எத்தன மச்சான்?" என்றார். சுண்ணாம்பு வேலை சரியில்லை, ஆறு என்றேன். பாயசத்துக்கு எட்டு. அந்த நேரம் பார்த்துச் செல்வக்கனி மோர் டம்ளர்களைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். "சரி, எங்க தங்கச்சிக்கு எத்தன?" என்றார் அவளைக் காட்டி.

ஏழு என்றேன்.

அவ்வளவுதான். ஹாலே சிரித்தது. அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். எல்லாருக்கும் மோர் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கும் கொடுத்தாள். வீட்டுக்கு வந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாரிகாவின் பரீட்சை முடியும்வரை பிள்ளையைப் படிக்கவைத்தாள், சமைத்தாள், எப்போதும்போல எல்லாம் செய்தாள். கோபம் இருந்தால் காட்டியிருக்க மாட்டாளா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏழு என்பது மோசமான மதிப்பெண்ணே இல்லை. என்னிடம் ஏழு வாங்கிய அட்டைகள் நாலு இருக்கின்றன. ஒன்றைக்கூட நான் யாருக்கும் விற்கமாட்டேன்.

அக்டோபர் 4, வெள்ளி

இரண்டு நாளாக யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. அவசரத்தில் போட்ட மதிப்பெண்ணைத் திருத்தலாம், அதில் ஒரு குறைச்சலும் இல்லை. அச்சகத்தில்கூட நான் ரிஜெக்ட் செய்த கட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்து, பரவாயில்லை என்று விட்டதுண்டு. சாயங்காலம் ராஜபாளையத்துக்குப் போன் போட்டேன்.

"ரவை எங்க இருக்கு?"

"அரிசி டப்பாவுக்குப் பின்னால பாருங்க."

"கனி, ஒரு விஷயம் யோசிச்சேன்."

"என்ன?" என்றாள். அங்கே ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் குறைந்தது. அவளே எழுந்துபோய்க் குறைத்திருக்க வேண்டும்.

"அன்னைக்கு ஏழுன்னு சொன்னேன்ல. நிதானமா யோசிச்சுப் பாத்தா அது கொஞ்சம் கம்மிதான். எட்டு போடலாம். எட்டரைகூடப் போடலாம்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஹலோ ஹலோ என்று நாலு தடவை கத்தினேன். ராஜபாளையத்தில் மலைப் பக்கம் சிக்னல் மோசம்.

ரவை அங்கேதான் இருந்தது. உப்புமா செய்தேன். மதிப்பெண் போடவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. மைத்துனன் ராஜகுரு தாரிகாவைப் பைக்கில் கொண்டுவந்து விட்டான். பின்னால் செல்வக்கனி பஸ்ஸில் வருவாள் என்று வாசலிலேயே நின்றேன்.

"அக்கா வரலியா?"

"அம்மாவுக்கு இன்னும் சரியாகல அத்தான்."

"எப்ப வருவா?"

"அக்கா சொல்லுவா."

காபி வேண்டாம் என்றான். தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வண்டியை எடுத்தான். என்னோடு மணிக்கணக்கில் கிரிக்கெட் பேசுகிறவன், இன்று என் முகத்தைப் பார்க்காமல் ஹெல்மெட்டைப் பார்த்தே பேசினான்.

பிள்ளையை மட்டும் தனியாக அனுப்புகிறவள் இல்லை அவள்.

அக்டோபர் 7, திங்கள்

தாரிகாவுக்குத் தலை பின்னிவிட்டேன். வகிடு நேராக வர மூன்று தடவை அவிழ்த்துப் பின்னியதில் பள்ளிக்கூட வேன் போய்விட்டது. பைக்கில் கொண்டுபோய் விட்டேன். சாயங்காலம் நான் கடற்குதிரையை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, இது என் கார்டுதானே?"

"நீ எடுத்தது. நான் காப்பாத்துனது."

"அப்ப யாரோடது?"

வீட்டுப்பாடம் முடித்தாயா என்று கேட்டேன். அவள் நகரவில்லை.

"அம்மாவுக்கு ஏழுன்னா எனக்கு எத்தன?"

"உனக்குப் பத்து" என்றேன் உடனே.

"சும்மா சொல்றீங்க. நீங்க யாருக்குமே பத்து குடுக்க மாட்டீங்க."

எழுந்துபோய் வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆச்சி வீட்ல அம்மா நல்லாத் தூங்குறாங்கப்பா" என்றாள். நான் கேட்கவே இல்லை, அவளாகச் சொன்னது.

அக்டோபர் 9, புதன்

இன்று இரண்டு போன் வந்தது.

முதலாவது ஜாவித். சென்னையில் எல்லாருடைய அட்டைகளையும் சேர்த்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவன் அவன்தான். "அண்ணே, பதினஞ்சாம் தேதி பாக்ஸ் கிளம்புது. சனிக்கிழமை கூரியர்ல போட்டீங்கன்னா சேத்துருவேன். இல்லன்னா இனி பொங்கலுக்கு அப்புறம்தான்" என்றான். கூட்டோடு அனுப்பினால் ஆகாதா என்று கேட்டேன். "அனுப்பலாம். ஆனா அவங்க மொதல்ல எட்டப் பாப்பாங்க, பெறகுதான் கார்டப் பாப்பாங்க. உடைச்சு அனுப்புங்க. பயமா இருந்தா விட்டுருங்கண்ணே, எட்டோட நிம்மதியா இருக்கிறவங்களும் இருக்காங்க."

அவன் சொல்வது சரி. எண்ணைப் பார்த்த பிறகு பொருளை யார் பார்க்கிறார்கள்? உடைப்பது என்று முடிவுசெய்தேன். எனக்குக் காசு ஆசை இல்லை, இதை நான் விற்கப்போவதும் இல்லை. என் கண் சரி என்று ஒருவன் சொல்ல வேண்டும். என் கண்ணே தப்பு என்றால் இத்தனை வருஷம் நான் தள்ளியதெல்லாம் என்ன கணக்கு?

இரண்டாவது செல்வக்கனி. "ஆயுத பூஜைக்குப் பிள்ளை புத்தகத்தை வைக்கணும். வெள்ளிக்கிழமை காலைல வாரேன்" என்றாள்.

"வா வா" என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

"சனிக்கிழமை சாயங்காலப் பஸ்ஸுக்குத் திரும்பிருவேன். பிள்ளையையும் கூட்டிட்டுப் போறேன், ரெண்டு நாள் அங்க இருக்கட்டும்."

"அப்புறம் எப்ப வருவ?"

"அப்புறம் பாக்கலாம். திருப்பி மார்க் வாங்க நான் வரலங்க. பூஜைக்கு வாரேன்."

இந்தத் தடவை சிக்னல் நன்றாகவே இருந்தது.

அக்டோபர் 10, வியாழன்

உடைத்தாயிற்று.

கட்டிங் பிளேயரால் கூட்டின் மூலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நெரித்தேன். தாரிகா எட்ட நின்று வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். படீர் என்று ஒரு சத்தம். அட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. எட்டு என்று எழுதிய துண்டு தனியாக விழுந்தது.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நாலு மூலையும் கூர். ஓரம் சுத்தம். வால் சுருளுக்குக் கீழே, ஃபாயிலில், தலைமுடி மாதிரி ஒரு கோடு.

"கீறலாப்பா?"

"வெளிச்சம் சரியில்ல."

டியூப் லைட்டுக்குக் கீழே பார்த்தேன், வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். வெளிச்சம் நன்றாகத்தான் இருக்கிறது. கூட்டை உடைக்கும்போது பட்டதாகத்தான் இருக்க வேண்டும். அனுப்புவதற்கு முன்பே இருந்திருந்தால் அவர்கள் போட்ட எட்டு சரி, நான் போட்ட ஒன்பது தப்பு. நான் இத்தனை தடவை பார்த்தும் கண்ணில் படாமல் இருந்திருக்குமா? இருக்காது. ஆனாலும் அனுப்பத்தான் போகிறேன். மெல்லிய உறைக்குள் போட்டு, பீரோவில் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலையில் கூரியர்.

வீட்டைப் பெருக்கித் துடைத்தேன். ஜன்னல் கம்பிகளையும் துடைத்தேன்.

அக்டோபர் 11, வெள்ளி, ஆயுத பூஜை

முதலிலிருந்தே எழுதுகிறேன்.

காலையில் அச்சகத்தில் பூஜை. மெஷின்களுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். முதலாளி என் பூதக்கண்ணாடிக்கும் ஒரு பொட்டு வைத்தார். பொரிகடலைப் பொட்டலத்தோடு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். வாசலில் செல்வக்கனியின் செருப்பு கிடந்தது. உள்ளே சுண்டல் வாசனை.

இளைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. என்னத்தைச் சொன்னாலும் மதிப்பெண் மாதிரி ஆகிவிடுமோ என்று பயம்.

பூஜை அலமாரிக்கு முன்னால் பலகை போட்டு எல்லாம் அடுக்கிவிட்டாள். தாரிகாவின் புத்தகங்கள், ஜாமெட்ரி பாக்ஸ், அரிவாள்மணை, கத்தரிக்கோல், என் பைக்கின் இன்னொரு சாவி. புத்தகக் கட்டுக்கு மேலே, நட்ட நடுவில், வெற்றிலை மேல் கடற்குதிரை. உறை இல்லை. நெற்றிக்கு நேரே விரல் அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"அப்பா, உங்க சாமானையும் அம்மா வச்சுட்டாங்க" என்று தாரிகா மெதுவாகச் சொன்னாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

செல்வக்கனி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "உங்க பூதக்கண்ணாடி அச்சாபீஸ்ல இருக்கும். வீட்ல உங்க வேலைன்னா இதுதானே? சாவி எடுக்கப் பீரோவத் திறந்தேன், கண்ணுல பட்டுச்சு. கவர் மேல வச்சா சந்தனம் நிக்கல, வழியுது. அதான் வெளிய எடுத்து வச்சேன். பதனமாத்தான் தொட்டேன், விரல் படல."

உண்மைதான். ஓரத்தில் ஒரு விரல் தடம்கூட இல்லை. அவ்வளவு பக்குவமாகப் பிடித்து, நடுவில் கொண்டுபோய்ச் சந்தனம் வைத்திருக்கிறாள்.

சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. எனக்குத் தெரியும், அந்த நிமிஷமே பஞ்சுத் துணியால் ஒற்றி எடுத்தால் தப்பித்துவிடும். கொஞ்சம் காய ஆரம்பித்தால் ஃபாயில் மங்கும், குங்குமச் சாயம் அட்டைக்குள் இறங்கும். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைப் பூஜைவரை யாரும் தொடக்கூடாது என்பது அவள் சட்டம். போன வருஷம் கதைப் புத்தகம் வேண்டும் என்று தாரிகா அழுது புரண்டபோதும் கொடுக்கவில்லை. என் கை தானாகப் பாதி நீண்டது.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதிமூன்று வருஷம் ஆகிறது. என் அட்டைகளை அவள் ஒருநாளும் தொட்டதில்லை. 'அட்டைப் பைத்தியம்' என்பாள், தூசி தட்டும்போதுகூட அந்தத் தட்டைத் தாண்டிப் போவாள். ஊரிலிருந்து வந்து இறங்கி, என்மேல் இருந்த கோபம் துளி குறையாமல், இதையும் சாமிக்கு முன்னால் தூக்கி வைத்திருக்கிறாள். பிள்ளை புத்தகத்துக்கும் மேலே வைத்திருக்கிறாள். நான் இப்போது இதை எடுத்தால் அட்டை பிழைக்கும். சாயங்காலத்துக்குள் அவள் பையைத் தூக்கிவிடுவாள், 'அப்புறம் பாக்கலாம்' என்றுகூடச் சொல்லமாட்டாள்.

"ஏன் நிக்கிறீங்க? சூடத்தக் காட்டுங்க" என்றாள்.

தட்டை வாங்கினேன். சாமிக்குக் காட்டினேன், புத்தகத்துக்குக் காட்டினேன், கடற்குதிரைக்கும் காட்டினேன்.

"என்ன, கண்ணு கலங்குது?"

"புகை" என்றேன்.

அக்டோபர் 12, சனி, விஜயதசமி

காலையில் மறுபூஜை. தாரிகா ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பக்கம் படித்தாள். செல்வக்கனி அரிவாள்மணையில் ஒரு வெண்டைக்காய் நறுக்கினாள். அப்புறம் கடற்குதிரையை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் நீட்டினாள். "உங்க வேலையத் தொடங்குங்க."

பார்த்தேன். சந்தனம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. நகம் படாமல் தள்ளிவிட்டேன். அடியில் ஃபாயில் செத்து, வெளிறிய வட்டமாக இருந்தது. அதைச் சுற்றிக் குங்குமச் சிவப்பு ஊறிவிட்டிருந்தது.

தாரிகாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "அம்மா, அது மேல எதுவுமே படக்கூடாதும்மா. இன்னைக்குக் கூரியர்ல அனுப்பணும்னுதான் அப்பா கூட்ட உடைச்சு வச்சிருந்தாங்க" என்று அழுதுவிட்டாள்.

செல்வக்கனி அப்படியே பலகைப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நெசமாவா?"

"ஆமா."

"இனிமே எத்தன போடுவாங்க?"

"போடவே மாட்டாங்க. அப்படியே திருப்பி அனுப்பிருவாங்க."

"நேத்தே சொல்லியிருக்கலாம்ல? ஈரமா இருக்கும்போதே தொடைச்சிருக்கலாம்ல?"

"பூஜையில வச்சதத் தொடக்கூடாதுல்ல."

"அது என் சட்டம். நீங்க என்னைக்கு அதையெல்லாம் பாத்தீங்க?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "கனி, அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்ச. அதான் தமாஷா எடுத்துக்கிட்டன்னு நெனச்சேன்."

"நான் சிரிச்சேனா?"

"சிரிக்கல?"

"நீங்க பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. ஹாலில் யார் யார் சிரிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பால்பாண்டி தொடையில் தட்டிச் சிரித்தது நினைவிருக்கிறது, மூலையில் உட்கார்ந்திருந்த பெரியவர் பல்லில்லாமல் சிரித்தது நினைவிருக்கிறது. மோர்த் தட்டோடு நின்றவள் முகம் மட்டும் எனக்குத் தெரியாது.

"ஏழுன்னு சொன்னதுகூட எனக்குப் பெருசில்லங்க" என்றாள். "சொல்லிட்டு, ஒரே ஒரு தடவ என் மூஞ்சியத் திரும்பிப் பாத்திருந்தா நான் ஊருக்கே போயிருக்க மாட்டேன். ஓட்டை ஒடசலையெல்லாம் கண்ணாடி வச்சுப் பாக்குற மனுசன்."

மன்னிச்சுக்கோ என்று சொன்னேன். சத்தமாக வந்ததா தெரியவில்லை. அவள் எழுந்து வெண்டைக்காயை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

சாயங்காலம் பை கட்டினாள். கட்டத்தான் செய்தாள். நான் வாசலில் நின்று, "அத்தைக்கு முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"ரெண்டு வாரம் கழிச்சுக் கேக்குறீங்க. வீங்கித்தான் இருக்கு. நடக்க முடியல. நெசமாவே முட்டிவலிதான், என்ன நெனச்சீங்க?"

"நானும் வாரேன்."

அவள் புளிசாதத்தை மூன்று பொட்டலமாகக் கட்டினாள்.

பஸ்ஸில் தாரிகா ஜன்னலோரம், நடுவில் அவள், இந்த ஓரம் நான். ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்போது ஜாவித் கூப்பிட்டான். "அண்ணே, கார்டு போட்டீங்களா?"

"இல்ல ஜாவித். அது வராது."

"பயந்துட்டீங்களா?"

"பூஜையில வச்சுட்டோம்."

"அப்படின்னா?" என்றான். அப்படின்னா அப்படித்தான் என்று சொல்லிவிட்டு வைத்தேன். செல்வக்கனி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

இதை மாமியார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாமியாருக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். செல்வக்கனி எப்போது சிவகாசிக்குத் திரும்புவாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஒன்று நடந்தது. பிள்ளை அவள் மடியில் தூங்கிவிட்டாள். நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். அடுத்த ஊர் வரும்வரை பார்த்தேன். "என்ன பாக்குறீங்க?" என்றாள். "சும்மா" என்றேன். அவள் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை. அந்த முகம் எப்படி இருந்தது என்பதை மட்டும் நான் இந்த டைரியில் எழுதப்போவதில்லை.